ஒன்ராறியோப் புகையிலையும் எங்கட போயிலையும்

ஒன்ராறியோவில் ஒரு டெல்லி இருக்கு. ஆனால் அங்கே போய் "டெல்லி எங்கே?" என்று கேட்டால் ஒருவருக்கும் விளங்காது. "டெல்ஹை" என்று சொல்ல வேணும். ரொறன்ரோவிலிருந்து 403ஆம் நெடுஞ்சாலையில் பிரான்ட்போர்ட் வரை போய், 24இல் தெற்கே இறங்கி, சிம்கோவில் மேற்குப் பக்கமாக 3ஆம் நெடுஞ்சாலைக்குத் திரும்பினால் வந்துவிடும். எங்கட ஸ்காபரோ வீட்டிலிருந்து, வழியில் வாகன நெரிசலைப் பொறுத்து, இரண்டு அல்லது இரண்டரை மணித்தியாலம். ஊரிலிருந்து வாற விருந்தாளிகளை நயாகராவுக்கும் ஆயிரம் தீவுக்கும் கூட்டிக்கொண்டு போய் அலுத்துப்போன குடும்பங்கள் ஓகஸ்ட் கடைசியில் ஒருக்கால் இந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாம். அருவி இல்லை, கோபுரம் இல்லை. புகையிலைத் தோட்டம் இருக்கு.

"சின்னப் பிள்ளையையும் கொண்டு போயிலை பார்க்கப் போறியோ?" என்று இவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் போனது அப்பாவுக்காக. அவர் புன்னாலைக்கட்டுவனில் போயிலைத் தோட்டம் செய்த ஒருவரின் மகன். 1987இல் இங்கே வந்து, ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்து எங்களைப் படிப்பித்தவர். தான் இருக்கிற மாகாணத்திலேயே புகையிலை விளையுது என்பது இத்தனை வருசமாக அவருக்குத் தெரியாது. நான் சொன்னபோது நம்பவில்லை. "இந்தப் பனியிலயோ?" என்றார்.

பனிக்குள் இல்லை, பனிக்கு முன். ஈரி ஏரிக்கு வடக்கே நோர்போக் பகுதி முழுக்க மணல் நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரங்களை வெட்டி முடித்தபிறகு மண் காற்றில் பறக்கத் தொடங்கி, தோட்டங்கள் கைவிடப்பட்டன. மணலைப் பிடித்து நிறுத்த மரம் நட வேணும் என்று 1908இல் சென்ற் வில்லியம்ஸ் என்ற ஊரில் ஒன்ராறியோவின் முதல் அரச மரநாற்றுப் பண்ணையைத் தொடங்கினார்கள். 1920களில்தான் வேர்ஜினியாப் புகையிலைக்கு இந்த வெறும் மணல் பொருந்தும் என்று கண்டுபிடித்தார்கள். பெல்ஜியத்திலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் வந்த குடும்பங்கள் பங்குக்கு உழைத்து, பிறகு சொந்தத் தோட்டம் வாங்கின. டெல்ஹையில் புகையிலைக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கு. போகிற நாளில் திறந்திருக்குதா என்று முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கோ.

அப்பாவுக்கு அருங்காட்சியகம் அவ்வளவு பிடிக்கவில்லை. றோட்டோரத்தில் நிற்கிற பழைய கில்ன்களைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். கில்ன் என்றால் இலை வாட்டுகிற குடில். உயரமான, ஒடுங்கின பலகைக் கட்டிடம். சில பச்சை, சில சிவப்பு, பல இப்போது கூரை விழுந்து கிடக்குது. ஒரு தோட்டத்தின் ஓரத்தில் வாகனத்தை நிறுத்தினோம். உரிமையாளர் வந்து, அப்பாவின் வயதைப் பார்த்து, உள்ளே வரச் சொன்னார். அப்பாவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான். ஆனால் இலையைக் காட்டிக் கதைக்கிறதுக்கு அது போதும்.

அவர் முதலில் செய்தது, கீழ் இலை ஒன்றைத் தொட்டு, பெருவிரலால் நரம்பை நெரித்துப் பார்த்தது. பிறகு நுனியைப் பார்த்தார். பூ முறித்திருந்தது. "இஞ்சயும் தலை முறிக்கினம்," என்றார் சந்தோசமாக. பூவை விட்டால் சத்து விதைக்குப் போய்விடும். முறித்தால் இலைக்குத் திரும்பும். நிக்கொட்டினும் கூடும். புன்னாலைக்கட்டுவனிலும் டெல்ஹையிலும் அது ஒரே வேலைதான். வித்தியாசம் அறுவடையில். இங்கே கீழிலிருந்து மேலாக, பழுக்கப் பழுக்க, சில சில இலையாக முறிக்கிறார்கள். அந்த வேலைக்கு நிற்பவர்களை முந்தி பிரைமர் என்று கூப்பிடுவார்களாம். குனிந்தபடியே காலை முழுக்க. பக்கத்து ஊரான டில்சன்பேர்க்கில் இந்த வேலை செய்து முதுகு முறிந்ததைத்தான் ஸ்ரொம்பின் டொம் கொனர்ஸ் பாட்டாகவே பாடி வைத்திருக்கிறார். இப்போது தோட்டங்களில் குனிந்து நிற்பவர்கள் பெரும்பாலும் ஜமேக்காவிலிருந்தும் மெக்சிக்கோவிலிருந்தும் வருகிறவர்கள். அதற்கான பருவகால வேலைத் திட்டம் 1966இல் ஜமேக்காவோடு தொடங்கினது.

காலையில் இலையில் பனி நின்றால் நிக்கொட்டின் தண்ணியில் கரைந்து தோலுக்குள்ளால் உடம்புக்குள் போகும். தலைசுற்று, சத்தி. இதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கு. அப்பா அதைக் கேட்டுச் சிரித்தார். "எனக்குப் பத்து வயசில வந்தது. அம்மா தேசிக்காய்த் தண்ணி தந்து, பின்னேரம் திரும்ப அனுப்பினவ." அவர் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் சிரித்தார்.

இனி ருசிக்கு வாறன். நான் புகைப்பதில்லை. பதினாறு வருசம் பைப் பிடித்த ஒரு மனுசரின் மகள், அவ்வளவுதான். ஆனால் மூக்கு இருக்கு. அப்பாவுக்கு வாய் இருக்கு.

ஒன்ராறியோ வேர்ஜினியா இலையை வாட்டுகிறபோது புகை படவே படாது. அடுப்பின் சூடு குழாய்களுக்குள்ளால் போய்க் குடிலைச் சூடாக்கும். முதல் இரண்டு மூன்று நாள் மெல்லிய சூடு, நல்ல ஈரப்பதம், இலை மஞ்சளாகும். அந்த நேரத்தில் இலைக்குள் இருக்கிற மாப்பொருள் சீனியாக மாறுது. பிறகு சூட்டை ஏற்றி அந்த நிறத்தைப் பிடித்து வைக்கிறார்கள். கடைசியில் 70 பாகை செல்சியசுக்கு மேலே கொண்டுபோய் நடு நரம்பை உலர்த்துகிறார்கள். எல்லாமாக ஒரு கிழமை. வெளியே வருகிறது எலுமிச்சை நிறத்திலிருந்து செம்மஞ்சள் வரை போகும் இலை. நல்ல இலையில் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூடச் சீனி இருக்கும். முகர்ந்தால் புது வைக்கோல், கொஞ்சம் தேன், உலர்ந்த முந்திரிகை. உரிமையாளர் தந்த ஒரு காய்ந்த இலையை மணந்துபார்த்து அப்பா சொன்னது: "இது சீனிப் போயிலை, பிள்ளை. மூக்குக்கு நல்ல வடிவு. எங்கட போயிலை எண்டால் பிடரியில அடிக்கும்."

எங்கட போயிலை வேறு வழியில் போனது. மாரி மழை விட்டபிறகு கண்டு நடுவார்கள். பூவரசங் குழையும் ஆட்டெருவும் தாழ்த்த செம்மண். துலா மிதித்து இறைத்த கிணற்றுத் தண்ணி. வெட்டின இலையை வாடவிட்டு, குடிலில் தூக்கி, கீழே தேங்காய்ப் பொச்சையும் பனை ஊமலையும் போட்டுப் புகை கொடுப்பார்கள். கொழுந்துவிட்டு எரியக் கூடாது, புகைய வேணும். அதைப் பார்க்க ஒரு ஆள் இரவிரவாக முழிச்சிருக்க வேணும். எங்கட வீட்டில் அது அப்பப்பா. பிறகு அடுக்கி, பாரம் வைத்து, பாடம் பண்ணி, உள்ளே சூடேறவிட்டு, பிரித்துத் திரும்ப அடுக்கி... இப்படியே கிழமைக் கணக்கில். சுருட்டுக்கு வேறு பக்குவம். இனிப்புச் சேர்ந்த ஒரு ஊறல் நீரைத் தெளிப்பார்கள். கோடா என்று சொல்லுறது. வெத்திலையோடு வாயில் போடுகிற போயிலை கறுப்பாக, பிசுக்காக, இறுகக் கட்டினபடி இருக்கும்.

அந்தக் கறுப்புப் போயிலை யாழ்ப்பாணத்தவர் தின்று முடிக்கிறதுக்காக விளைந்தது இல்லை. ஒல்லாந்தர் காலத்திலிருந்தே அது தோணியேறித் திருவிதாங்கூருக்குப் போனது. மலையாளத்தில் இன்றைக்கும் வயசுபோன ஆட்களிடம் கேட்டால் "ஜாப்பாணம் புகையில" என்று சொல்லுவினம். கடலுக்கு அங்கால உள்ள ஒரு நாட்டின் நாக்குக்கு ஏற்றமாதிரி எங்கட ஆட்கள் புகையின் அளவையும் பாடத்தின் காலத்தையும் சரி பண்ணி வைத்திருக்கினம். அங்கே வரி ஏறினால் புன்னாலைக்கட்டுவனில் கலியாணம் தள்ளிப்போகும். யாழ்ப்பாணத்து விவசாயி எப்படிப் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினான் என்று கேட்டால் எல்லாரும் "கல்வியில் ஆர்வம்" என்பார்கள். ஆர்வம் இருந்ததுதான். காசு போயிலையிலும் இருந்து வந்தது என்று ஒருவரும் மேடையில் சொல்லமாட்டார்கள்.

(திருச்சிப் பக்கத்து வாசகர்கள் கோபிக்க வேண்டாம். திருச்சிச் சுருட்டின் பெயர் லண்டன் வரை போனது உண்மை. 1887இல் வந்த முதலாவது ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே, கொலைகாரன் திருச்சிச் சுருட்டுப் பிடித்தவன் என்று சாம்பலைப் பார்த்து ஹோம்ஸ் சொல்லுவார். யாழ்ப்பாணத்துக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.)

அப்பா பைப்புக்கு வந்த கதை இங்கே ரொறன்ரோவில்தான். 1988இல் சுருட்டு கிடைக்கவில்லை, கிடைத்ததும் விலை. தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஒரு கிழவர் தன்னிடமிருந்த ஒரு பழைய பிரிகாம் பைப்பைக் கொடுத்திருக்கிறார். அப்பா அதை ஒருநாளும் பைப் என்று சொன்னதில்லை, சுங்கான் என்பார். பிரிகாம் ரொறன்ரோவிலேயே 1906இல் றோய் பிரிகாம் என்பவர் தொடங்கிய கடை. பைப்பின் தண்டுக்குள் கடின மேப்பிள் மரத்தால் செய்த ஒரு சின்னக் குழாய் செருகியிருக்கும். அது புகையின் ஈரத்தை உறிஞ்சிச் சூட்டைக் குறைக்கும். தண்டில் பித்தளைப் புள்ளிகள். எத்தனை புள்ளி, எப்படி அடுக்கியிருக்கு என்பதை வைத்துத் தரம் சொல்லலாம். அப்பாவுடையதில் மூன்று. சின்ன வயசில் அதை நான் ஏதோ விளையாட்டுச் சாமான் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன்.

டெல்ஹை போய்வந்த அடுத்த கிழமை, என் வேலையிடத்தில் ஓய்வுபெறப் போகிற ஒரு மூத்த பொறியாளரிடம் இதைச் சொன்னேன். அவர் பைப் பிடிக்கிறவர். அடுத்த நாள் மூன்று சின்னக் கண்ணாடிப் போத்தலோடு வந்தார். இரவு அப்பாவின் முன்னால் வைத்தேன். அப்பா பற்றவைக்கவில்லை; பற்றவைக்கவும் மாட்டார். மணந்து, விரலால் உருட்டி, ஒவ்வொன்றும் எப்படி எரியும் என்று சொன்னார். கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம்.

முதலாவது வேர்ஜினியா. அழுத்தித் தகடாக்கி வெட்டினது. டெல்ஹையில் மணந்த அதே வைக்கோலும் தேனும், ஆனால் பழசானபடியால் புளிப்பும் கொஞ்சம். "இதைப் பொறுமையாக இழுக்க வேணும். அவசரப்பட்டால் நாக்கைக் கடிக்கும்." சீனி கூடின இலையின் புகை அமிலத்தன்மை உள்ளது, வேகமாக இழுத்தால் சூடான ஈரமும் சேர்ந்து நாக்கின் நுனியைச் சுட்டுவிடும். அதைத்தான் பைப் பிடிப்பவர்கள் கடி என்கிறார்கள். மெதுவாக இழுத்தால் முதல் பாதி இனிப்பு, பிறகு பாணின் கருகின ஓரம் மாதிரி. இரண்டு தரம் அணைந்தாலும் பரவாயில்லையாம், திரும்பப் பற்றவைக்கலாம். சுங்கான் கையில் சுட்டால்தான் பிழை.

இரண்டாவது பேர்லி. இது நிழலில், காற்றில் மட்டும் உலர்ந்த இலை. அந்த உலர்வில் சீனி எல்லாம் கரைந்துபோய்விடும். மண்ணிறம், வறுத்த கச்சானும் இனிப்பில்லாத கொக்கோவும் மாதிரி ஒரு மணம். பஞ்சுபோல எதையும் உறிஞ்சும் என்பதால் வனிலா, விஸ்கி என்று வாசனை ஏற்றுகிற கலவைகளுக்குப் பெரும்பாலும் இதைத்தான் அடியில் போடுவார்கள். புகை காரத்தன்மை உள்ளதால் உள்ளே இழுக்காமலே வாயால் நிக்கொட்டின் ஏறும். அப்பாவுக்கு இதில் பெரிய அபிப்பிராயம் இல்லை. "வேலைக்கு இடையில பிடிக்கலாம்," என்று தள்ளி வைத்தார்.

மூன்றாவது போத்தலைத் திறந்ததும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூடியைத் திரும்ப மூடி, திரும்பத் திறந்தார்.

அது லட்டாக்கியா சேர்ந்த ஆங்கிலக் கலவை. சிரியாவின் துறைமுகத்தின் பெயர், சைப்பிரசிலும் செய்தார்கள். சின்ன இலை. வெயிலில் காயவிட்டு, பிறகு ஓக், பைன், வாசனைச் செடிகள் என்று போட்டு நாள்கணக்கில் புகை கொடுத்துக் கறுப்பாக்குவது. கலவையில் வேர்ஜினியா அடித்தளமாக இருக்கும்; அதற்கு மேலே கொஞ்சம் கிழக்குத் தேசத்துச் சின்ன இலை; கறுப்புக்கும் புகை மணத்துக்கும் லட்டாக்கியா. பற்றவைத்தால் குளிர்ச்சியாக, ஆறுதலாக எரியும், நாக்கைக் கடிக்காது. பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் தாங்காது. என் அம்மா அதை "செருப்புக் கடை எரியிற மணம்" என்பா.

"இது 92இலயோ 93இலயோ டவுன்ரவுனில ஒரு கடையில கண்டனான்," என்றார் அப்பா. "அண்டைக்கு வேலைக்குப் போகேல்லை."

மணம் அவருக்கு அப்பப்பாவின் குடில். பொச்சுக்கும் பைனுக்கும் தொடர்பில்லை. ஆனால் மரம் ஆறுதலாகப் புகையும்போது வருகிற பீனோல் சேர்மங்கள் எங்கேயும் ஒரே குடும்பம்தான். புகைபோட்ட மீனிலும் அதுதான் இருக்கு, லப்சாங் சூச்சோங் தேயிலையிலும் அதுதான். (உங்கள் பிள்ளைகளுக்கு ஊர்க் குடிலின் மணத்தைக் காட்ட வேணும் என்றால் அந்தத் தேயிலையை வாங்கி மணக்கக் கொடுங்கோ. புகையிலை தேவையில்லை.) ஆனால் அப்பா அடுத்ததாகச் சொன்னதும் சரி: "மணம் எங்கட வீடு. காரத்தைக் காணேல்லை." லட்டாக்கியாவில் நிக்கொட்டின் குறைவு. வீட்டுப் போயிலை பிடரியில் அடிக்கும். இது தோளில் தட்டிவிட்டுப் போகுது. அந்தக் குறையோடே அவர் பத்துப் பன்னிரண்டு வருசம் அதைப் பிடித்தார்.

என் மகனுக்கு எட்டு வயசு. மேசையில் கன்னத்தைக் கையில் வைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் புகைத்தல் பற்றிப் படிப்பித்திருக்கினம். "அம்மப்பா, இது ஆக்களைக் கொல்லும் என்றால் ஏன் வளர்த்தீங்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டான். நான் தமிழில் சொல்லிக் கொடுக்கப் பார்த்தேன். அப்பா கையைக் காட்டினார், விளங்கினது என்று.

"தெரியாமல் செய்தனாங்கள் எண்டு சொல்லமாட்டன், ராசா," என்றார். "என்ர அப்பாவுக்கு விடிய விடிய இருமல். போயிலைதான் எண்டு எல்லாருக்கும் தெரியும். வெங்காயம் ஒரு வருசம் விலை போகும், அடுத்த வருசம் அழுகும். போயிலை அழுகாது. அந்தக் காசிலதான் நான் படிச்சனான். உன்ர சின்னத் தாத்தாவும் படிச்சவர்."

சின்னத் தாத்தா என்றது என் சித்தப்பாவை. அவர் புகைக்கவில்லை, வெத்திலையோடு போயிலை போட்டார், இங்கே வந்தபிறகும். 2004இல் வாய்ப் புற்றுநோய் என்று சொன்னார்கள். நாடியில் பாதி எடுத்தார்கள். அடுத்த வருசம் போய்விட்டார். புகையில்லாப் போயிலையும் பாக்கும் இரண்டுமே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதலாம் வகையில் போட்டு வைத்திருக்கு. பைப்பும் விதிவிலக்கு இல்லை. உள்ளே இழுக்காவிட்டாலும் உதடு, வாய், தொண்டை. சித்தப்பாவுக்குச் சொன்ன கிழமையே அப்பா சுங்கானைக் கழுவித் துடைத்து லாச்சிக்குள் வைத்துவிட்டார். எறியவில்லை.

மகன் அடுத்ததாக, டெல்ஹையில் கண்ட அந்த மாமாவுக்கும் தெரியுமோ என்று கேட்டான். தெரியும் என்று நான் சொன்னேன். 2008இல் கனடா அரசு புகையிலை விவசாயிகளின் உற்பத்திப் பங்குகளை விலைகொடுத்து வாங்கித் தொழிலை விட்டுப் போகச் சொன்னது. ஒரு இறாத்தலுக்கு 1 டொலர் 5 சதம், மொத்தமாக 286 மில்லியன் டொலர். பலர் வாங்கிக்கொண்டு போனார்கள். சிலர் உரிமம் எடுத்துத் திரும்ப நட்டார்கள். போகிற வழியில் கறுப்பு வலைப் பந்தலுக்குக் கீழே ஏக்கர் கணக்கில் ஜின்செங் நிற்பதைப் பார்ப்பீர்கள். முந்திப் புகையிலை நின்ற மண்ணில்தான் அதில் ஒரு பகுதி நிற்குது. யாழ்ப்பாணத்தில் ஒருவரும் அப்பப்பாவின் பங்கை வாங்கவில்லை. அந்தத் தோட்டத்துக்குச் சண்டைதான் வந்தது.

இப்போது ரொறன்ரோவில் இந்தக் கலவைகளைக் கடையில் போய் அழகாகப் பார்த்து வாங்குகிற வேலை இல்லை. 2019 கடைசியில் வந்த சட்டப்படி எல்லாப் பொதியும், பைப் தகரப் பேணி உட்பட, ஒரே மங்கின மண்ணிறம். நல்ல சட்டம் என்றுதான் நினைக்கிறேன். அப்பாவும் மறுக்கவில்லை. "பேணியில என்ன படம் இருந்தால் என்ன, மூக்குக்குத் தெரியும்," என்றார். எனக்குக் கவலை வேறு. அந்த மூக்குக்கு இப்போது 76 வயசு. எந்த இலைக்கு எத்தனை இரவு புகை, பாடத்துக்குள் கையை விட்டால் எந்தச் சூட்டில் பிரிக்க வேணும் என்பதெல்லாம் ஒரு இடமும் எழுதியில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் தொலைபேசியில் பதிவு செய்கிறேன். வேலையில் ஒருவரும் தொடாத பழைய நிரல்களுக்குக்கூட ஆவணம் எழுதி வைக்கிறோம். இதற்கு ஏன் எழுதக் கூடாது? ஒருவரும் திரும்ப ஓட்டப்போவதில்லை என்பது உண்மைதான்.

டெல்ஹைக்காரர் வரும்போது இரண்டு பச்சை இலை தந்தவர். அப்பா அதைக் கையுறை போட்டு வாங்கி, கராஜில் கயிறு கட்டித் தூக்கினார். ஐந்தாம் நாள் பார்த்தால் மஞ்சளாகாமல் பச்சையாகவே காய்ந்து நொறுங்கினது. முகர்ந்தால் வெறும் புல். "கெதியாக் காஞ்சு போச்சு. ஈரம் இல்லாட்டி உள்ளுக்குச் சீனி வராது, பச்சை பிடிச்சிடும்," என்று மகனுக்கு விளங்கப்படுத்தினார். டெல்ஹையில் முதல் மூன்று நாள் ஏன் ஈரப்பதத்தைக் கூட்டி வைக்கினம் என்று அவனுக்கு அப்போதான் பிடிபட்டது. நனைச்ச சாக்கைச் சுற்றிக் கட்டினால் சரிவருமோ என்று கேட்டான். அப்பா கொஞ்சம் யோசித்து, சாக்கு சரி, ஆனால் பூஞ்சணம் பிடிக்காமல் இரவில் ஒருக்கால் எழும்பிப் பார்க்க வேணும் என்றார்.